டெல்டா களிமண்ணில் கொய்யா: கன்று வாங்குவதிலிருந்து பழம் பறிப்பது வரை

கொடைக்கானலுக்குப் போய் வந்த உறவினர் ஒருவர் இரண்டு பீச் கன்றுகளை வாங்கி வந்து கும்பகோணத்தில் தன் வீட்டுக் கொல்லையில் நட்டார். இரண்டு வருடம் இலையாகவே வளர்ந்தன. ஒரு பூ வரவில்லை. மூன்றாவது வருட ஐப்பசி மழையில் வேர் அழுகி இரண்டும் பட்டுப்போயின. அவர் கவனிப்பில் குறை எதுவும் இல்லை. பீச் மரம் பூக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு குளிர்காலத் தூக்கம் தேவை. 7 டிகிரிக்குக் கீழே போகும் குளிரில் பல நூறு மணி நேரம் இருந்தால்தான் பெரும்பாலான ரகங்களின் மொட்டு விழிக்கும். குறைந்த குளிர் போதும் என்று உருவாக்கிய ரகங்களும் நூறு, இருநூறு மணி நேரமாவது கேட்கும். நம் மார்கழி விடியற்காலைக் குளிர் அந்தக் கணக்கில் வரவே வராது. அதோடு, தேங்கிய நீரில் நிற்க முடியாத வேர் அதற்கு. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அது நன்றாக இருக்கட்டும்.

காவிரிப் பாசனப் பகுதியில் வீட்டில் ஒரு பழமரம் வளர்க்க ஆசைப்படும் புதியவர்களுக்கு நான் கை காட்டுவது கொய்யாவை. பீச்சுக்குச் சொல்லப்படும் கவாத்து (கிளை வெட்டிச் சீராக்குதல்), காய் கலைத்தல், உறை கட்டுதல் எல்லாம் இதற்கும் உண்டு. பீச் பழ ஈ என்றே பெயர் பெற்ற ஒரு ஈ கொய்யாவையும் விட்டுவைப்பதில்லை. அதனால் ஒரு பழமரத்தோடு பழகும் அனுபவம் முழுவதும் இதிலேயே கிடைத்துவிடும். நட்ட இரண்டாம், மூன்றாம் வருடத்தில் பழம் தின்னலாம். ஓரளவு களியையும் ஓரளவு உப்பையும் தாங்கும்.

ஆனால் தொடங்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் கொய்யா சாவதற்குப் பெரும்பாலும் காரணம் பூச்சி இல்லை, தண்ணீர். புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் இலையைத்தான் உற்று உற்றுப் பார்க்கிறார்கள். வேர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அதனால் மண்ணைப் பற்றித்தான் முதலில் நிறையப் பேசப் போகிறேன்.

முதல் வேலை: குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

டெல்டா முழுக்க ஒரே மண் கிடையாது. திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் கனத்த களி. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கும். காவிரி, அரசலாறு, குடமுருட்டிக் கரைப் படுகைகளில் வண்டல். 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளிலும், தஞ்சாவூரை அடுத்த வல்லத்திலும் சிவந்த மண். வேதாரண்யம் பக்கம் போனால் மணல், அதில் உப்பு. படுகையிலும் செம்மண்ணிலும் இருப்பவர்களுக்குக் கொய்யா தானாக வரும் என்றே சொல்லலாம். மற்றவர்கள் மெனக்கெட வேண்டும்.

உங்கள் கொல்லை எந்த வகை என்று தெரிய ஒரு சோதனை போதும். நட நினைக்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். நிரம்பத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் நேரே நடலாம். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால், அந்த இடத்தில் குழி வெட்டி நடவே கூடாது. மண்ணை மேடாக்கித்தான் நட வேண்டும்.

பலர் செய்யும் தவறு இங்கேதான். களிமண்ணில் பெரிய குழி வெட்டி, அதில் மணலும் தொழுவுரமும் தென்னைநார்க்கழிவும் போட்டு மெத்தை மாதிரி நிரப்புகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மழை வந்ததும் அந்தக் குழி களிமண்ணில் செய்த தொட்டியாகிவிடும். சுற்றியுள்ள நீரெல்லாம் அந்த மெத்தைக்குள் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் நிற்கும். நான் நட்ட முதல் இரண்டு கன்றுகளையும் இப்படித்தான் இழந்தேன். இலை வாடியதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்துப் புளித்த நாற்றம் அடித்தது. வேர் மூச்சுத் திணறினாலும் இலை வாடும், தாகத்திலும் வாடும். இலையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மேடு போடுவது இப்படி. ஆறடி அகலத்துக்கு வட்டமாகக் குறி போட்டு, அந்த இடத்தைக் கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்குக் கிளறி விடுங்கள். அதன்மேல் கொல்லை மண் இரண்டு பங்கு, வாய்க்கால் தூர் வாரும்போது கிடைக்கும் எக்கல் அல்லது செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இரண்டு கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து, ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்துக்கு ஏற்றுங்கள். ஓரம் சரிவாக இருக்கட்டும். ஒரு மழைக்கு மண் படிந்து அரை அடி இறங்கும் என்பதை மனதில் வையுங்கள். மேட்டிலிருந்து இறங்கும் நீர் வெளியேற ஒரு சின்ன வடிகால் வெட்டி, வீட்டு வடிகாலோடோ வாய்க்காலோடோ சேருங்கள். இந்த வடிகால் இல்லாமல் மேடு மட்டும் போட்டால், அடைமழையில் மேடு தீவாக நிற்கும், அடிவேர் மூழ்கித்தான் கிடக்கும்.

நல்ல வடிகால் உள்ள மண் என்றால் இவ்வளவு வேலை இல்லை. ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, ஒரு வாரம் ஆறவிட்டு, தொழுவுரம் கலந்து மூடி நட்டுவிடலாம். ஒன்றுக்கு மேல் நடுவதாக இருந்தால் மரத்துக்கு மரம் 6 மீட்டர் விடுவது வழக்கம். வீட்டில் கவாத்து செய்து சின்னதாக வைத்துக்கொள்வீர்கள் என்றால் 4 மீட்டர் போதும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் நாக்கில் உப்புக் கரித்தால் மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போய்க் கேட்டால் எங்கே எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். பரிசோதிக்காமல் யாரோ சொன்னார்கள் என்று ஜிப்சம் அள்ளிப் போடாதீர்கள். சோடியம் ஏறி இறுகிய களர் நிலத்துக்கு அது மருந்து, மற்ற மண்ணுக்கு வீண் செலவு.

கன்று வாங்கும்போது வேரைக் கேளுங்கள்

விதைக் கன்று வேண்டாம். காய்க்க நாளாகும், தாய் மரத்தின் குணமும் வராது. தாய் மரத்துக் கிளையிலேயே வேர் விட வைத்து எடுத்த பதியன் கன்றையே கேளுங்கள். ரகத்தில் நான் புதியவர்களுக்குச் சொல்வது லக்னோ 49. கிளை அகலமாகப் படரும், வெள்ளைச் சதை, நம் வெயிலுக்குப் பழகியது. சிவப்புச் சதை வேண்டுமென்றால் அர்கா கிரண் அல்லது லலித். விதை மெதுவாக இருக்க வேண்டும் என்று பாட்டி தாத்தாவுக்காகக் கேட்பவர்களுக்கு அர்கா மிருதுளா. களர் மண்ணுக்கென்று திருச்சியிலிருந்து வெளியான டிஆர்ஒய் (ஜி) 1 என்ற ரகமும் உண்டு. தைவான் பிங்க் இப்போது எங்கும் விற்கிறது. அது முழங்கால் உயரத்திலேயே காய்க்கும். அந்தக் காயை விட்டுவைத்தால் செடி வளராமல் நின்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரகத்தைவிட முக்கியம் வேர். வேர்முடிச்சு நூற்புழு என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும். திண்டுக்கல் மாவட்டத்து ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளை இது ரொம்பவே வாட்டியது. ஊர் ஊராகப் பரவுவது பெரும்பாலும் கன்றுப் பையிலிருக்கும் மண் வழியாகத்தான். ஒரு சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கி வந்த நான்கு கன்றுகளில் மூன்று, ஒன்றரை வருடத்தில் இலை வெண்கல நிறமாகி, ஓரம் கருகி, உதிர்ந்து நின்றன. உரம் போட்டேன், மருந்து அடித்தேன், பலனில்லை. தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது. அப்போதுதான் புரிந்தது, பிரச்சினையை நானே காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறேன் என்று.

அதனால் வாங்கும் இடத்திலேயே, ஒரு கன்றின் பையைக் கொஞ்சம் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையாக, மெல்லியதாக, சல்லிவேர் நிறைந்து இருந்தால் வாங்கலாம். முடிச்சு ஒன்றைக் கண்டாலும் அந்தக் கடையிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். காட்ட மறுத்தாலும் அப்படியே. ஏற்கெனவே கொல்லைக்குள் வந்துவிட்டது என்றால், பாதித்த மரத்தை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வருடமாவது செண்டுமல்லி போடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும். அந்த மண்ணில் கத்தரி, வெண்டை, தக்காளி வைத்தால் புழு பெருகும். மரம் ஓரளவு நன்றாகவே இருந்தால், தொழுவுரத்தோடு வேப்பம்புண்ணாக்கும், பர்ப்புரியோசிலியம் என்ற நன்மை செய்யும் பூஞ்சாணமும் கலந்து வேர்ப்பகுதியில் இட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம்.

எந்த மாதம் நடுவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். மேட்டு நிலத்துக்கு அது சரி. ஆடியில் நட்டால் ஐப்பசிக்குள் இரண்டரை மாதம் கிடைக்கும், வேர் பிடித்துவிடும். தாழ்வான களிமண் கொல்லையாக இருந்தால் தை பிறந்த பிறகு நடுங்கள். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், கோடைக்கு முன் வேர் ஊன்றும். புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முடிய நட வேண்டாம். மழைதான் வருகிறதே, தண்ணீர் ஊற்ற வேண்டாமே என்று அப்போதுதான் எல்லோருக்கும் ஆசை வரும்.

பையில் இருந்த மண்மட்டம்வரைதான் புதைக்க வேண்டும், தண்டை மூடக் கூடாது. ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, வாழைநாரால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக வைக்கோல் மூடாக்கு போடுங்கள். தையில் நடுபவர்களுக்குச் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். வாழைச்சருகும் ஆகும். தண்டை ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும்.

தண்ணீரைத் தண்டின் அடியில் ஊற்றாமல், இலைக் குடையின் விளிம்புக்கு நேர் கீழே ஒரு வட்ட வாய்க்கால் போட்டு அதில் விடுங்கள். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை, இரண்டாம் வருடம் வாரம் ஒரு முறை. விரல் வைத்துப் பார்த்து ஈரம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

வெட்டப் பயப்படாதீர்கள்

கொய்யாவின் அடிப்படைக் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் கவாத்து எளிது. புதிதாக விடும் போத்தில், அதாவது இளங்கிளையில்தான் அது பூக்கும். வெட்டினால் புதுப்போத்து, புதுப்போத்தில் பூ. பீச் இதற்கு நேர்மாறு. போன வருடம் வளர்ந்த கிளையில் பூப்பது. வெளிநாட்டுப் பீச் காணொளிகளைப் பார்த்துவிட்டு அந்தக் கணக்கில் கொய்யாவில் பழைய கிளைகளைப் பத்திரப்படுத்தி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மரம் உயரும், நுனியில் நாலு காய் தொங்கும், அதையும் கிளி தின்னும்.

கன்று மூன்றடி வந்ததும் இரண்டடி உயரத்தில் நுனியை வெட்டிவிடுங்கள். வெட்டுக்குக் கீழே வரும் போத்துகளில், திசைக்கு ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்று வராமல் மூன்று நான்கை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். இந்த நான்குதான் மரத்தின் உடல். அவை ஓர் அடி நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். முதல் வருடம் வரும் பூவை எல்லாம் உதிர்த்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் உதிர்த்துவிடுங்கள். அடியிலிருந்து கிளம்பும் போத்துகளையும் அவ்வப்போது எடுக்க வேண்டும்.

வளர்ந்த மரத்துக்கு வருடத்தில் இரண்டு கவாத்து. பெரிய கவாத்து மாசியில். முந்தைய பருவத்துக் கிளைகளின் நுனியை அரைச் சாண் அளவுக்கு, 10 முதல் 15 சென்டிமீட்டர் வெட்டி, உள்ளே குறுக்கும் நெடுக்கும் போகும் கிளையையும் காய்ந்ததையும் எடுங்கள். மரத்தின் நடுவில் வெயில் விழ வேண்டும். கை எட்டாத உயரம் எதுவும் வேண்டாம். ஏழெட்டு அடியோடு நிறுத்துங்கள். வெட்டி ஒன்றரை, இரண்டு மாதத்தில் பூக்கும், பூத்து நாலைந்து மாதத்தில் பழம். மாசியில் வெட்டினால் ஆடிக் கடைசி, ஆவணியில் பழம் வந்து, அடைமழைக்கு முன் பறித்து முடித்துவிடலாம்.

இரண்டாவது லேசான கவாத்தைப் பொதுவாகச் செப்டம்பர், அக்டோபரில் சொல்வார்கள். நம் ஊருக்கு நான் அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, ஆவணித் தொடக்கத்தில் காயில்லாத கிளைகளில் மட்டும் செய்கிறேன். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது நம்மூர்ச் சொல். அந்த மழையில் பூ மாட்டிக்கொண்டால் உதிர்ந்துவிடும். மழை கனப்பதற்குள் பிஞ்சாகிவிட்டால் தாங்கும். மாசி, பங்குனியில் வரும் அந்தப் பழத்துக்கு இருக்கும் இனிப்பு மழைக்காலப் பழத்துக்கு வரவே வராது.

நேராக வானத்தைப் பார்த்து நிற்கும் கிளை இருந்தால் அதை வெட்டாமல், கயிறு கட்டி மெல்ல வளைத்துத் தரையில் முளையடித்துக் கட்டுங்கள். வளைந்த கிளையில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டெல்லாம் முளைத்துப் போத்து விடும், அதில் பூ வரும். ஒரே நாளில் வளைத்தால் முறியும். வாரம் கொஞ்சமாக இழுங்கள்.

கட்டைவிரலைவிடப் பருமனான கிளையை வெட்டினால் வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுங்கள். கத்திரியை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகும் முன் டெட்டால் நீரில் நனைத்துத் துடையுங்கள்.

உரம்

இதில் புதியவர்கள் தவிக்கவே வேண்டாம். முழுதாக வளர்ந்த மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 50 கிலோ தொழுவுரமும், தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ்) ஒவ்வொன்றும் ஒரு கிலோவும். மார்ச்சிலும் அக்டோபரிலுமாக இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு கிலோ சத்து என்பது ஒரு கிலோ உரம் ஆகாது. தழைச்சத்து ஒரு கிலோவுக்கு யூரியா 2 கிலோவுக்கு மேல் வரும். இது வணிகத் தோப்புக்கான கணக்கு. ஒரு மரம், இரண்டு மரம் வைத்திருப்பவர்கள் முதல் வருடம் 10 கிலோ தொழுவுரம், பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டி வந்தாலே படுகை மண்ணில் நல்ல காய்ப்பு வரும். அக்டோபர்த் தவணையைப் புரட்டாசி முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். பெருமழையில் போட்ட உரம் வாய்க்காலில்தான் போய்ச் சேரும்.

இலை சிறுத்து வெளிறினால் லிட்டருக்கு 10 கிராம் யூரியா, 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்துத் தெளிக்கலாம். காய் சிறுத்து, கல்லாகி, வெடித்தால் போரான் குறைவு. லிட்டருக்கு 3 கிராம் போராக்ஸ்.

இலையில் தெரியும் தொல்லைகள்

மூன்றைச் சொன்னால் போதும்.

தென்னை இல்லாத டெல்டா வீடு ஏது? 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட ருகோஸ் சுருள் வெள்ளை ஈ இப்போது நம் தென்னைகளிலும் இருக்கிறது. அது கொய்யாவிலும் உட்காரும். இலையின் அடியில் வெள்ளைப் பொடியால் சுருள் சுருளாகக் கோலம் போட்ட மாதிரி முட்டை வைக்கும். அது கழிக்கும் தேன் போன்ற பிசுக்கு கீழ் இலைகளில் விழுந்து, அதன்மேல் கரிப்பூசணம் படர்ந்து, இலை புகைபோக்கி மாதிரிக் கறுத்துவிடும். இதற்குக் கடும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற குட்டிக் குளவி நம் தோப்புகளிலேயே பெருகுகிறது. மருந்தில் முதலில் சாவது அதுதான். தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். கறுத்த இலைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சி ஆறிய கஞ்சியைத் தெளித்தால், காய்ந்ததும் பூசணத்தோடு உரிந்து விழும்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைத் தேடுங்கள். எறும்புதான் அதைக் காவல் காத்துக் கிளைக்குக் கிளை சுமந்து போகிறது. தரையைத் தொடும் கிளைகளைத் தூக்கிக் கட்டி, தண்டில் ஒரு பாலித்தீன் பட்டை சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் அதைவிடப் பெரிதாக, நூல் நூலாக வெள்ளை மெழுகு தொங்க, விறுவிறுவென்று ஓடும் புழு ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சு, மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது. நிறையப் பேர் அதைத்தான் பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து முதலில் கொல்கிறார்கள்.

கிளை கவைகளில் மரத்தூளும் நூலாம்படையும் கலந்து பட்டை மாதிரி ஓடியிருந்தால் அது பட்டைப்புழு. தூளைத் துடைத்துவிட்டு, துளைக்குள் கம்பி விட்டுக் குத்தி, மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண்ணால் பூசுங்கள்.

பழ ஈயை வெல்வது

ஆசையாகப் பறித்த பழத்தை அரிந்ததும் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் கொய்யாவே வேண்டாம் என்று தோன்றிவிடும். மரத்தை வெட்டியவர்களும் உண்டு. இது தடுக்கக்கூடியது, ஆனால் காய் பிஞ்சாக இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

பெண் ஈ, முற்றி நிறம் மாறும் காயின் தோலில் ஊசி போல் குத்தி முட்டையை உள்ளே வைக்கிறது. புழு சதையைத் தின்று வளரும், பழம் விழும், புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக மேலே வரும். முட்டை பழத்துக்குள் போன பிறகு மேலே எந்த மருந்து அடித்தும் பயனில்லை. ஆகவே உறை கட்டுங்கள். காய் சின்ன எலுமிச்சை அளவு வந்ததும், ஒரு போத்துக்கு ஒன்று அல்லது இரண்டு காய் விட்டு மற்றதைக் கலைத்துவிட்டு, மெல்லிய துணிப்பையோ பட்டர் பேப்பர் உறையோ மாட்டிக் காம்பில் கட்டுங்கள். அடியில் சின்ன ஓட்டை இருக்கட்டும், மழைநீர் வடியும். கொசுநாவாய்ப்பூச்சி குத்தி வரும் சொரசொரப்புத் தழும்பும் உறைக்குள் வராது. தோல் பளபளவென்று வரும்.

மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஒன்றைக் கட்டுவதும் நல்லது. அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். என் வீட்டில் மட்டும் கட்டியபோது பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரும் எதிர் வீட்டு அக்காவும் சேர்ந்து கட்டிய வருடம் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குவது. எருக்குழியில் போடாதீர்கள், ஈ அங்கேயே பிறக்கும். பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி நாலு நாள் வெயிலில் வையுங்கள். மரத்தடி மண்ணை மாதம் ஒரு முறை லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு மேலே வந்து காயும், கோழியும் பொறுக்கும்.

அணிலுக்கும் வௌவாலுக்கும் வலை போடுபவர்கள் இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் குருவியும் சாரைப்பாம்பும் சிக்கிச் சாகின்றன.

கரும்பச்சை வெளிறி மஞ்சள் ஓடத் தொடங்கும்போது, ஓர் இலையோடு காம்பைக் கத்திரியால் வெட்டிப் பறியுங்கள். பறித்த பிறகும் பழுக்கும்.

மழைக்காலமும் புயலும்

புரட்டாசி பிறந்ததும் வடிகாலைத் தூர் வாருங்கள். மூடாக்கு வைக்கோலை விலக்கிவிடுங்கள், தண்டு காயட்டும். தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் மேட்டைச் சுற்றி ஆழமாக வெட்டி வெளியேற்றுங்கள். வடிந்த பிறகு மேல்மண்ணை லேசாகக் கிளறிக் காற்று போக விடுங்கள். வெள்ளத்தில் நின்ற மரத்துக்கு உடனே உரம் போடக் கூடாது. புது இலை விடும்வரை பொறுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்து போன பிறகு, தென்னையும் மாவும் பலாவும் வேரோடு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு மரம் வைக்கவே கை நடுங்கும். குட்டையாக வைத்த கொய்யாவில் காற்றுக்குப் பிடி குறைவு. அப்படியும் சாய்ந்தால், உடனே அறுத்துத் தள்ள வேண்டாம். ஒரு பக்க வேர் மண்ணுக்குள் இருந்தால் பெரும்பாலும் பிழைக்கும். வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடுங்கள். முறிந்த வேரைச் சீராக வெட்டிவிட்டு, கிளைகளில் பாதியைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். ஈரம் இருக்கும்போதே நாலு பேர் சேர்ந்து மெல்ல நிமிர்த்தி, மண் அணைத்து மிதித்து, மூன்று திசையில் முளையடித்து, தண்டில் சாக்கு சுற்றி அதன்மேல் கயிறு கட்டுங்கள். இரண்டு மாதத்தில் தளிர் வரும். மரம் தேறிவிட்டது என்று கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள். அடுத்த மழைக்காலம் முடியும்வரை அந்தக் கயிறு இருக்கட்டும்.